மூன்றாம் துளை

குதிரைச் சேணம் தைப்பவள் நான்.
முகங்கள் மறந்துபோகும்.
இடுப்புகள் மறப்பதில்லை.

ஃபென் ஆற்று வளைவில் எங்கள் நகரம்.
அதன் களஞ்சிய அதிகாரி ஷெங் ஜுவோ
தினை முற்றி விளைந்த ஆண்டில்
என் பட்டறைக்குள் நுழைந்தபோது
அவருக்கு முன்னால் தொப்பை வந்தது,
தொப்பைக்கு முன்னால் அந்தக் கொக்கி.

சாண் நீள வெண்கலம்.
தலை, திரும்பிப் பார்க்கும் புலி.
உடலெங்கும் கீறிய பள்ளங்களில்
மயிரிழைப் பொன்னை வைத்து அடித்து,
கல்லால் தேய்த்து, கரியால் தேய்த்து,
எது வெண்கலம் எது பொன் என்று
விரலுக்குப் பிடிபடாதபடி இழைத்திருந்தார்கள்.
கண்ணை மூடித் தடவினால் ஒரே வழவழப்பு.
திறந்தால் மேகம் மேகமாகச் சுருளும் வரிகள்.
புலியின் ஒரு கண்ணில் பச்சைநீலக் கல்.
மறு கண்ணில் கல் விழுந்த குழி.

"வாரை ஒரு விரல் தளர்த்து" என்றார்.
வெளிப்பக்கம் ஒரு துளை போட்டேன்.
கூலி ஒரு படி தினை.
தலை தட்டாமல் அளந்தார்.

பிறகு சின் நாட்டுப் படை வந்தது.
எங்கள் ஆற்றில்
எவன் குதிரையோ நீர் குடித்தது.

இலைகள் உதிர்ந்து முடிந்த ஓர் இரவில் வந்தார்.
உள்பக்கம் ஒரு துளை.
உறைபனியில் இன்னொன்று.
மூன்றாவதற்குக் குத்தூசியை ஊன்றும்போது சொன்னார்:
"சந்தையில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
கொக்கி எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள்.
களஞ்சியத்தில் எத்தனை நாள் மிச்சம் என்பதை
என் வாரில் எண்ணுகிறார்கள்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
துளையைப் போட்டு முடித்தேன்.
அதில் அவர் கொக்கியை மாட்டவே இல்லை.
சேணத்துக்குத் திணிக்க மூலையில் வைத்திருந்த
வைக்கோலைக் காட்டினார்.

மறுநாள்
வெளித்துளையில் பழைய புலி.
ஊர் மூச்சுவிட்டது.
அன்று எத்தனை வீடுகளில்
கஞ்சியில் ஒரு பிடி கூடுதலாக விழுந்ததோ.
அவர் கடந்து போகையில்
சரசரப்பு எனக்கு மட்டும் கேட்டது.

எனக்கு வார் கிடையாது. கயிறு.
கயிற்றுக்குத் துளை வேண்டாம்,
இழுத்து முடிந்தால் ஆயிற்று.
முடிந்தது போக மிஞ்சிய நுனி மட்டும்
நாளுக்கு நாள் நீண்டது.
என் மகள் லுவான் அதைப் பிடித்துக்கொண்டு
பின்னாலேயே நடப்பாள்.
குதிரை நான், ஓட்டுகிறவள் அவள்.
அவளிடமும்
வைக்கோலைப் பற்றி நான் சொல்லவில்லை.

பனி உருகுமுன் குதிரைகள் தீர்ந்தன.
சேணங்கள் மிஞ்சின.
எந்தத் தோலை வேகவைக்கலாம்,
எது சுண்ணாம்பில் ஊறியது,
எதைத் தின்றால் குடல் வெந்துபோகும் என்று
ஊரில் எனக்குத்தான் தெரியும்.
வாசலில் அண்டா வைத்தேன்.
வரிசையில் அவரும் நின்றார்.
கொக்கியைக் கழற்றினார், வாரை நீட்டினார்.
அங்கி தளர்ந்ததும்
அத்தனை பேர் முன்னாலும் கொட்டியது வைக்கோல்.

யாரும் ஏசவில்லை.
குனிந்து அதையும் பொறுக்கினோம்.

துண்டு போடும்போது பார்த்தேன்:
உள்ளே போட்ட மூன்று துளைகளில்
மூன்றாவது மட்டும்
விளிம்பு நையாமல், புதிதாக.

வசந்தத்தில் படை போய்விட்டது.
ஏனென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த அறுவடைக்குப் பின் மறுபடி வந்தார்.
கையில் கொக்கி. வெண்கலம் வேகாது அல்லவா.
ஒற்றைக் கண்ணால் திரும்பிப் பார்த்தது புலி.
புது வார் கேட்டார்.
மாட்டுத்தோல், நல்ல கறுப்பு.

"துளை எத்தனை?" என்றேன்.

நெடுநேரம் நின்றார்.
வெளியே தினை வண்டி போகும் சத்தம்.
"நீயே போடு" என்றார்.

போட்டேன். அவர் எண்ணவில்லை.
கூலியைத் தலை தட்டி அளந்தார்.

வாங்க எழுந்தபோது
என் கயிற்றின் நுனியை
யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் இருந்தது.
திரும்பிப் பார்த்தேன்.

சேணம் மாட்டும் ஆணி.